பத்ருன்னிசா சொன்ன தீர்ப்பு

குவைத்திலிருந்து வீடியோ டெக்கு வந்து இறங்கிய வாரம் அந்தத் தெருவில் வேறு பேச்சே இல்லை. 1982ஆம் வருடம். காரைக்காலில் வெளிநாட்டுச் சம்பாத்தியத்தில் வாழும் சபுராளி வீடுகளுக்கு டேப்ரெக்கார்டரும் மிக்சியும் புதிதில்லை. மாடியில் உயரமாகக் கம்பி நட்டு இலங்கை டிவி பார்க்கிற வீடுகூட இரண்டொன்று வந்துவிட்டது. நினைத்த நேரத்தில் நினைத்த படத்தைப் போடும் பெட்டி மட்டும் ஆஸியா பீவி வீட்டுக்குத்தான் முதலில் வந்தது. அதன் மேல் பூப்போட்ட துணியைப் போர்த்தி, மருமகள் பத்ருன்னிசாவைத் தவிர வேறு யாரும் தொடக்கூடாது என்று அந்தம்மாள் சட்டம் போட்டுவிட்டாள்.

டெக்கோடு ஓர் அட்டைப்பெட்டி நிறைய கேசட்டும் வந்திருந்தது. எல்லாம் எகிப்துப் படம். பத்ருன்னிசாவின் புருஷன் சேக் அலாவுதீன் குவைத்தில் ஒரு கேசட் கடையில் வேலை பார்த்தான். ஓடி ஓடித் தேய்ந்த கேசட்டுகளை முதலாளி கழித்துப்போட்டால், இவன் பொறுக்கியெடுத்து ஊருக்கு வருகிறவர்கள் தலையில் கட்டி அனுப்பிவிடுவான். பெண்டாட்டிக்கு ஒரு கடிதம் எழுதச் சோம்பல்படுகிற மனுஷன், கேசட் அனுப்புவதில் மட்டும் ஒரு குறையும் வைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து ஆண்பிள்ளைகள் சாப்பிட்டுப் படுத்த பிறகு, தெருப் பெண்கள் பதினைந்து பேர் கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். பத்ருன்னிசா கேசட்டைத் தள்ளினாள். திரையில் கோடு கோடாக ஓடி, அப்புறம் ஓர் ஆண் குரல் அரபியில் பேசத் தொடங்கியது. அவ்வளவுதான், பதினைந்து பேரும் சட்டென்று முந்தானையை இழுத்துத் தலையில் முக்காடு போட்டுக்கொண்டார்கள். அரபிக் குரல் காதில் விழுந்தால் தலையை மூடித்தான் அவர்களுக்குப் பழக்கம். ஓதுகிற நேரம் தவிர வேறெப்போது அந்தப் பாஷையைக் கேட்டார்கள்? பக்கத்து வீட்டு ராசாத்தி முனிசிபல் ஆபீசில் வேலை பார்க்கிற இந்துப் பெண். எல்லோரும் மூடுகிறார்களே, நாம் மட்டும் ஏன் மரியாதை கெட்டவளாக இருக்கவேண்டும் என்று அவளும் மூடிக்கொண்டாள்.

இரண்டு நிமிஷத்தில் திரையில் ஒருத்தி வயிறு தெரிய ஆடினாள். சும்மா ஆடவில்லை, பெரிய ஆட்டம். முக்காட்டை வைத்துக்கொள்வதா எடுப்பதா என்று யாருக்கும் தெரியவில்லை. எல்லோரும் ஆஸியா பீவியைப் பார்த்தார்கள். அந்தம்மாள் தீர்மானமாகச் சொன்னாள்: "அவ ஆடுறது அவளோட போகட்டும். பேசுறது அரபுதானே? மூடிக்கிட்டே பாருங்க." அன்றிலிருந்து மூன்று வருடம் அந்தக் கூடத்தில் எல்லோரும் முக்காட்டோடுதான் படம் பார்த்தார்கள்.

சரி, பேசுவது யாருக்குப் புரியும்? அரபு எழுத்து எல்லோருக்கும் தெரியும், அர்த்தம் தெரியாது. பத்ருன்னிசா ஒருத்திக்குத்தான் அர்த்தம் தெரியும். அவளுடைய வாப்பா அரபுப் பாடம் நடத்தியவர். பையன்களுக்கு நடத்தியதைக் கதவுக்கு உள்பக்கம் உட்கார்ந்து இவளும் ஏழு வருடம் படித்திருந்தாள். அதனால் மொழிபெயர்க்கும் வேலை இவள் தலையில் விழுந்தது.

முதல் நாள் அவளுக்கு ஒரு மண்ணும் புரியவில்லை என்பதுதான் உண்மை. கிதாபில் படித்த அரபு வேறு, அந்தப் பெண்கள் சமையலறையில் நின்று சடசடவென்று பேசுகிற அரபு வேறு. தெரிந்த வார்த்தைகூட காதுக்கு வந்து சேர்வதற்குள் அடுத்த நாலு வார்த்தை ஓடிப்போய்விடும். பதினைந்து முகம் திரும்பிப் பார்க்கிறதே என்று அவள் வாயில் வந்ததைச் சொன்னாள். "இவன் அவளோட மாமன் மவன். அவளைக் கட்டிக்கிறேங்கிறான். வாப்பா வேணாங்கிறாரு." யாரும் குறை சொல்லவில்லை. எல்லாப் படத்துக்கும் அது கொஞ்சம் பொருந்தத்தான் செய்தது.

கேட்கக் கேட்கக் காது திறந்தது. முதல் வருடம் பத்தில் ஒன்று புரிந்தது, இரண்டாம் வருடம் பாதி. பெட்டிகள் வந்துகொண்டே இருந்தன. எது எந்தக் காலத்துப் படம் என்று அவளே பிரித்து வைத்தாள். வருஷத்தைப் பார்த்துப் பிரிக்கவில்லை, அதில் வரும் பெண்கள் என்ன வேலை செய்கிறார்கள் என்று பார்த்துத்தான்.

ரொம்பப் பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் பெண்கள் பாடினார்கள், ஆடினார்கள், பணக்காரனை நம்பிக் கெட்டார்கள், மழையில் நின்று அழுது செத்தும் போனார்கள். ஆனால் முன்னால் ஓடுகிற பெயர்களை எழுத்துக்கூட்டிப் படித்தால், படம் எடுத்த முதலாளி என்ற இடத்திலும் சிலவற்றில் அதே பெண் பெயர் இருக்கும். அழுது செத்தவள்தான் கம்பெனிக்குச் சொந்தக்காரி. இதைப் பத்ருன்னிசா சொன்னபோது ராசாத்தி நம்பவில்லை. "அத்தன பேருக்குச் சம்பளம் குடுக்குறவ எதுக்கு இப்படி அழுவணும்?" என்றாள்.

அடுத்த கட்டுப் படங்களில் பெண்கள் டைப் அடித்தார்கள், டிராமில் இடிபட்டு வேலைக்குப் போனார்கள், டாக்டராகி ஆண்பிள்ளைகளுக்கு ஊசி போட்டார்கள். அவற்றில் முதலாளி பெயரெல்லாம் ஆண் பெயராகிவிட்டது. படத்துக்குள் வேலை கிடைத்தது, வெளியே இருந்த வேலை போய்விட்டது. கலர் படங்கள் வந்தபோது பாவாடை முழங்காலுக்கு மேலே ஏறியது, புருஷனை எதிர்த்துப் பேசினார்கள், கோர்ட்டுக்குப் போனார்கள். கடைசியாக வந்த புதுப் படங்களில் புருஷன்கள் பெட்டி கட்டிக்கொண்டு குவைத்துக்குக் கிளம்பினார்கள். கூடத்தில் முக்காடுகள் ஒன்றையொன்று திரும்பிப் பார்த்தன. "எகிப்துக்காரனுமா அங்க போறான்?" என்று ஆஸியா பீவிதான் கேட்டாள்.

பத்ருன்னிசாவுக்கு அதில் வருத்தமெல்லாம் இல்லை. வருத்தப்படுகிற இடம் எப்போதோ மரத்துப் போயிருந்தது. கல்யாணமாகிப் பத்து வருடத்தில் அவன் இவளோடு இருந்த நாளைக் கூட்டினால் ஒரு வருடம் தேறாது. வருவான், சென்ட்டு வாசனையோடு இரண்டு மாதம் இருப்பான், போவான். வழியனுப்பும்போது மற்றப் பெண்கள் அழுவதைப் பார்த்து, இவளும் முந்தானையைக் கண்ணில் வைத்துக்கொள்வாள். துணி காய்ந்தே இருக்கும். சொல்லிக்கொள்ள ஒரு குறையும் இல்லாத வாழ்க்கை, ஒரு நாளும் நினைவில் நிற்காத வாழ்க்கை.

அந்தப் பதினைந்து பேரில், பத்ருன்னிசாவை அக்காளாக நினைத்து லாத்தா என்று கூப்பிடுகிற கமர் நிஷா ஒருத்தி. வயது இருபத்து நாலு. நிக்காஹ் முடிந்து நாற்பதாம் நாள் கப்பலேறின புருஷன் ஆறு வருடமாகத் திரும்பவில்லை. கடிதம் இல்லை, செலவுக்கு ஒன்றும் இல்லை, தலாக்கும் இல்லை. போன இடத்தில் வேறொருத்தியோடு இருக்கிறான் என்று ஊருக்கு வந்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். எழுதிக் கேட்டால் பதில் வராது. அவளுடைய வாப்பா ஜமாஅத்திடம் போய், எங்கள் பெண்ணை விடுவித்துக் கொடுங்கள் என்று நாலு தடவை கேட்டுவிட்டார். ஒவ்வொரு தடவையும் இன்னும் ஒரு வருஷம் பொறுத்துப் பார்ப்போம் என்று பதில் வந்தது. இப்போது பட்டினத்தில் மளிகைக் கடை வைத்திருக்கிற ஒருவர், மனைவியை இழந்தவர், கமர் நிஷாவைக் கேட்டு வந்திருந்தார். ஹஜ்ஜுப் பெருநாள் வரைக்கும் பார்ப்பேன், அதற்குமேல் முடியாது என்று சொல்லியிருந்தார். அவர் சொன்னதிலும் தப்பில்லை.

1985இல் ஒரு வெள்ளிக்கிழமை அந்தப் படம் ஓடியது. பள்ளிக்கூட டீச்சர் ஒருத்தி. புருஷன் லிபியாவுக்குப் போய் ஆறு வருடம். விடுதலை கேட்டுக் கோர்ட்டுப் படி ஏறி இறங்குகிறாள். வக்கீல் மாற்றுகிறாள், சாட்சி தேடுகிறாள், நரைக்கிறாள். கமர் நிஷா வழக்கமாகச் சுவர் ஓரம் உட்காருவாள், அன்றைக்கு நகர்ந்து நகர்ந்து டிவிக்குப் பக்கத்தில் வந்துவிட்டாள். கடைசியில் நீதிபதி எழுந்து தீர்ப்புப் படித்தார்.

நீதிபதி படித்தது தெருப் பேச்சு இல்லை, கிதாபு அரபு. ஹகமத்தில் மஹ்கமத்து பி ரஃப்ளித் தஅவா. மூன்று வருடத்தில் இவ்வளவு தெளிவாக எந்த வசனமும் பத்ருன்னிசாவுக்குப் புரிந்ததில்லை. வழக்கைக் கோர்ட்டு தள்ளுபடி செய்கிறது.

"என்னா சொல்றாரு லாத்தா?" என்று கமர் நிஷா திரும்பிக் கேட்டாள்.

"குடுத்துட்டாங்க," என்றாள் பத்ருன்னிசா. "விடுதலை குடுத்துட்டாங்க."

ஏன் அப்படிச் சொன்னாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. இரக்கமா என்றால் அப்படி ஒன்றும் நெஞ்சில் பொங்கவில்லை. வாய் சொல்லிவிட்டது. திரையில் அந்த டீச்சர் கோர்ட்டுப் படியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். "குடுத்துட்டாங்கன்னா ஏன் அழுவுறா?" என்று ராசாத்தி கேட்டாள். "சந்தோஷத்துல," என்று இவள் சொன்னாள். படம் நெடுக ஊகம் கலந்து சொன்னவள், உறுதியாகத் தெரிந்த ஒரே வரியை மாற்றிச் சொன்னாள்.

கமர் நிஷா வீட்டோடு இருந்திருந்தால் அது பதினைந்து பேருக்குள் போயிருக்கும். அவள் மறுநாளே துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு ஜமாஅத் தலைவர் நெய்னா முகம்மது வீட்டுக்கே போய்விட்டாள். வாசற்கதவுக்கு இந்தப்பக்கம் நின்று கேட்டாள். "அஸ்ஹர் மதரசா இருக்குற எகிப்து நாட்டுலயே, முஸ்லிம் ஜட்ஜு, ஆறு வருஷம் வராதவன்கிட்டேருந்து விடுதலை குடுத்துருக்காரு. நம்ம ஊருல மட்டும் ஏன் முடியாது?"

நெய்னா முகம்மது அசந்துபோனார். சினிமாவைச் சாட்சிக்குக் கொண்டுவருகிறாளே என்று சிரித்துத் தள்ளியிருக்கலாம். ஆனால் ஊரில் பாதிப் பேருக்கு அரபியில் பேசினால் அது சட்டம், எகிப்தில் நடந்தால் அது பெரிய சட்டம். விஷயம் இரண்டு நாளில் தெருவெல்லாம் பரவி, கடைத்தெருவில் ஆண்பிள்ளைகளே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். கொடுத்தது நிஜமா என்று பார்த்துவிடுவோம் என்று பள்ளிவாசல் ஹஸ்ரத் அல்லா பிச்சை சொன்னார். படம் பார்ப்பது ஹராம் என்று மாதம் ஒரு பயான் செய்கிறவர் அவர். நாற்பது வருடம் அரபு நடத்தியவர். இப்போது அவரே படம் பார்க்க வருகிறார் என்றால் தெருவுக்குக் கேட்க வேண்டுமா?

செவ்வாய்க்கிழமை அஸர் தொழுகை முடிந்து ஹஸ்ரத்தும் நெய்னா முகம்மதுவும் வந்தார்கள். கூடத்தில் அவர்களுக்கு நாற்காலி. உள்ளறை வாசலில் பச்சைத் திரை கட்டி, அதற்குப் பின்னால் பத்ருன்னிசா, கமர் நிஷா, ஆஸியா பீவி. திரையை ஒரு விரல் அளவு விலக்கினால் டிவி தெரியும். படம் முழுக்கப் போடவேண்டாம், தீர்ப்பு மட்டும் போதும் என்று நெய்னா முகம்மது சொல்லிவிட்டார். அதனால் பத்ருன்னிசா முன்கூட்டியே கேசட்டைச் சுற்றி வைத்திருந்தாள்.

இரண்டு நாளாக அவள் தூங்கவில்லை. பயம் என்று ஒன்று தனக்கு மிச்சமிருக்கிறது என்பதே அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. மறுபடியும் குடுத்துட்டாங்க என்று சொல்லலாம். சொன்னால் கமர் நிஷா பிழைத்துக்கொள்வாள். ஆனால் கூடத்தில் உட்கார்ந்திருப்பது ராசாத்தி இல்லை, ஹஸ்ரத். பெண்கள் சமையலறையில் பேசுகிற பேச்சு அவருக்குப் புரியாமல் போகலாம். தீர்ப்பு கிதாபு அரபு. அவளுக்கே அவ்வளவு தெளிவாக விழுந்தது அவருக்கு விழாதா? பொய் சொல்லி அகப்பட்டால் இவள் மானம் போவது ஒரு பக்கம், கமர் நிஷா சேர்ந்து பொய் சொன்னாள் என்று அவள் கதையே முடிந்துவிடும். இதையேதான் அவள் இரண்டு நாளும் திருப்பித் திருப்பி நினைத்துக்கொண்டிருந்தாள்.

படம் ஓடியது. நீதிபதி எழுந்தார். கண்ணாடியைச் சரிசெய்தார். அதே வரி. ஹஸ்ரத் தாடியைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக் கேட்டார். டீச்சர் படியில் உட்கார்ந்தாள். எழுத்து ஓடி, திரையில் கோடு விழுந்தது.

ஹஸ்ரத் கண்ணைத் திறந்தார். பச்சைத் திரைப்பக்கம் திரும்பாமல், தரையைப் பார்த்தபடி, "நீயே சொல்லும்மா," என்றார். "என்னா தீர்ப்பு?"

சோதிக்கிறார் என்று பத்ருன்னிசாவுக்குத் தோன்றியது. பக்கத்தில் கமர் நிஷா இவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தள்ளுபடி," என்றாள் பத்ருன்னிசா. "அன்னைக்கி நான் தப்பாச் சொல்லிட்டேன். குடுக்கல."

நெய்னா முகம்மது நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். அவர் முகத்தில் கோபம் இல்லை, நிம்மதிதான் இருந்தது. "அவ்வளவுதான் விஷயம். சினிமாவுல பார்த்தேன், லாத்தா சொன்னாங்கன்னு இனிமே யாரும் வாசலுக்கு வரவேணாம். வருஷம் ஒண்ணு போகட்டும், அப்புறம் பேசுவோம்," என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, செருப்பு மாட்டக் கீழே இறங்கினார்.

ஹஸ்ரத் உட்கார்ந்தே இருந்தார். தலைவர் தெருவில் இறங்கும் வரைக்கும் பார்த்துவிட்டு, ஜிப்பாப் பையிலிருந்து நாலாக மடித்த தாள் ஒன்றை எடுத்து முழங்கால்மேல் வைத்தார். தாளில் வரி வரியாக மை தெரிந்தது.

"விடுதலையை எளுதியே எடுத்துக்கிட்டு வந்தேம்மா. கையெழுத்து மட்டும்தான் பாக்கி," என்றார். "கிதாபுல இதுக்கு எடம் இருக்கு. எனக்குச் சந்தேகமே இல்ல. ஊரு வாயை அடைக்க ஒரு ஆதரவு இல்லாமத்தான் இத்தனை நாளும் தள்ளிக்கிட்டு வந்தேன். எகிப்துல குடுத்துருக்காங்கன்னா நெய்னா முகம்மதுகூட வாயைத் தொறக்க முடியாது. அந்த நெனப்புலதான் வந்தேன்."

பத்ருன்னிசா பச்சைத் திரையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க... நீங்களே கேட்டீங்களே ஹஸ்ரத். ஜட்ஜு சொன்னதை."

"என்னத்தக் கேட்டேன்?" அவர் வெட்கத்தோடு சிரித்தார். "நாப்பது வருஷமா கண்ணால படிச்ச பாஷைம்மா. ஒரு அரபி வாயால பேசி இன்னைக்கித்தான் காதுல கேக்குறேன். கடகடன்னு போயிட்டான். ஒரு வார்த்தை பிடிபடல. அதான் உங்கிட்டக் கேட்டேன்."

தன் காது திறக்க மூன்று வருடம் ஆனது பத்ருன்னிசாவுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அவருக்கு இன்றைக்குத்தான் முதல் நாள். அது ஏன் இரண்டு நாளாக மண்டையில் உறைக்கவில்லை?

"இல்ல ஹஸ்ரத்," என்றாள் அவசரமாக. "பயத்துல சொல்லிட்டேன். குடுத்துட்டாங்க. ஜட்ஜு குடுத்துட்டாருன்னுதான் சொல்றாரு."

"ஒன் மனசு புரியுதும்மா," என்றார் அவர், ரொம்ப மெதுவாக. "ஆனா தலைவருக்கு முன்னாடி சொன்னது சொன்னதுதானே. உண்மையைச் சொன்ன பொண்ணு, அல்லா ஒனக்குப் பரக்கத் செய்வான்." தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தார். வாசலைத் தாண்டும்வரைக்கும் அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

கமர் நிஷா அழவில்லை. துப்பட்டியை எடுத்து உதறினாள். "அவருக்குப் புரியாதுன்னு ஒங்களுக்குத் தெரியாதா லாத்தா?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். தெரியாது என்றாள் பத்ருன்னிசா. ஆஸியா பீவி ஒரு தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். அதை யார் குடித்தார்கள் என்று பின்னால் யாருக்கும் ஞாபகம் இல்லை.

பெருநாள் வந்தது. மளிகைக் கடைக்காரர் நாகூரில் வேறு இடத்தில் முடித்துக்கொண்டார். குவைத்திலிருந்து ஒரு பெட்டி கேசட் வந்தது. அதற்கடுத்த வெள்ளிக்கிழமை பாய் விரித்தபோது பத்ருன்னிசா கமர் நிஷாவை எதிர்பார்க்கவில்லை, ஆனால் அவள் வந்தாள். எல்லோரும் ஒதுங்கி இடம் விட்டார்கள். டிவிக்குப் பக்கத்தில், அன்றைக்கு உட்கார்ந்த அதே இடத்தில் அவள் உட்கார்ந்தாள்.

புதுப் படம். ஒருத்தி பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டு கீழ் வீட்டுக்காரியிடம் ஏதோ சொன்னாள். இப்போதெல்லாம் பத்ருன்னிசாவுக்கு முக்கால்வாசி புரிந்தது. வழக்கப்படி அவள் வாயைத் திறந்தாள்.

"நீங்க சொல்ல வேணாம் லாத்தா," என்றாள் கமர் நிஷா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அன்னைக்கே அந்த டீச்சரு அழுதப்ப, குடுக்கலன்னு எனக்குத் தெரிஞ்சுதான் இருந்துச்சு. நீங்க குடுத்துட்டாங்கன்னு சொன்னீங்களே, அதுல நிப்பீங்கன்னுதான் போனேன்."

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. படம் ஓடியது. பத்ருன்னிசா அதற்குமேல் அந்தக் கூடத்தில் எந்தப் படத்துக்கும் அர்த்தம் சொல்லவில்லை.